ஹைதர் நட்ட முள்

அஞ்சலட்டையில் என் முகவரியைத் தவிர ஒரே ஒரு சொல்தான் இருந்தது: ‘ஆதாரம்?’ அதற்குக் கீழே, சில மாதங்களுக்கு முன் நான் எழுதிய கட்டுரை ஒன்றின் பக்க எண்.

எடுத்துப் பார்த்தேன். உயிர்வேலிகளைப் பற்றி ஒரு சிறுபத்திரிகையில் எழுதியது. அந்தப் பக்கத்தில் கேள்வி கேட்கத்தக்க வரி ஒன்றே ஒன்றுதான் இருந்தது. ஸ்ரீரங்கப்பட்டணத்தைச் சுற்றி ஹைதர் அலி நட்டுவைத்த முட்கொடியே இன்று உலகெங்கும் மைசூர் முள் எனப்படுகிறது என்று எழுதியிருந்தேன். படிக்க நன்றாகத்தான் இருந்தது. எங்கிருந்து எடுத்தேன் என்பதுதான் நினைவில்லை.

பழைய குறிப்பேடுகளைக் கிளறியதில் விடை கிடைத்தது, நிம்மதி கிடைக்கவில்லை. மூன்று தாவர நூல்களிலிருந்து அந்தச் செய்தியைக் குறித்துவைத்திருந்தேன். மூன்று நூல் சொல்கிறதே என்று அன்று துணிந்திருக்கிறேன். இப்போது மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் சொற்கள்கூட மாறவில்லை. ‘அரண்களைச் சுற்றி ஹைதர் நட்டார், அதனால் இந்தப் பெயர்’ என்று ஒருவர் எழுதியதை மற்ற இருவர் திருப்பி எழுதியிருக்கிறார்கள். அந்த ஒருவரும் யார் சொல்லக் கேட்டார் என்று எழுதவில்லை.

செடியை முதலில் சொல்லிவிடுகிறேன். அவரைக் குடும்பத்தில் கொன்றைப் பிரிவைச் சேர்ந்த பல்லாண்டுச் செடி. புதராகவும் நிற்கும், அருகில் மரம் இருந்தால் அதன்மேல் ஏறி உச்சி வரைக்கும் போகும். கொடி என்றாலும் அவரைபோல் சுற்றிப் படர்வதில்லை. கொக்கிபோல் பின்னோக்கி வளைந்த முட்களை மாட்டி மாட்டி ஏறுகிறது. இலை புளிய இலையை நினைவூட்டும், ஆனால் இரண்டு முறை பிரிந்த கூட்டிலை. பூக்கும் காலத்தில் வெளிர்மஞ்சள் பூக்கொத்துகள் நெட்டுக்குத்தாக நிமிர்ந்து நிற்கும். ஐந்து இதழ்களில் மேலிதழ் மட்டும் சிறியது. அதில் சிவப்புக் கீற்று. நீலகிரிச் சரிவுகளில் பார்த்திருக்கிறேன். படம் எடுக்கக் கிளையை ஒதுக்கிய கை, அதை விட்டு வெளியே வரச் சற்று நேரம் பிடித்தது. கையை இழுக்க இழுக்க முள் ஆழ இறங்கும். முன்னால் தள்ளித்தான் விடுவித்துக்கொள்ள வேண்டும். வேலிக்கு இதைவிடப் பொருத்தமான குணம் வேறு வேண்டியதில்லை.

அந்த நாட்களில் நான் அடிக்கடி மைசூருக்குப் போய்வந்துகொண்டிருந்தேன். தமிழ்க் கல்வெட்டுகளின் மைப்படிகளை, அதாவது ஈரத்தாளைக் கல்லில் ஒற்றி மை தடவி எடுத்த படிகளை, பார்க்க வேண்டுமென்றால் அந்தக் காலத்தில் அந்த ஊருக்குத்தான் போயாக வேண்டும். ஸ்ரீரங்கப்பட்டணம் அங்கிருந்து பதினைந்து கிலோமீட்டர் சுமார். மைப்படி வேலை முடிந்த பின் மீதமிருந்த நாட்களை அஞ்சலட்டைக்காரருக்கு ஒதுக்கினேன்.

முதல் சாட்சிகள் படைவீரர்கள். கார்ன்வாலிஸ் பிரபு, ஹைதரின் மகன் திப்புவின் தலைநகரான ஸ்ரீரங்கப்பட்டணத்தை 1792 பிப்ரவரியில் தாக்கினார். அந்தப் படையெடுப்பில் உடனிருந்த அலெக்சாண்டர் டைரம் என்ற அதிகாரி அடுத்த ஆண்டே நூலாக எழுதி வெளியிட்டார். அதில் திரும்பத் திரும்ப வரும் சொல் ‘பவுண்ட் ஹெட்ஜ்’. எல்லைவேலி என்று பொருள். யூலும் பர்னலும் தொகுத்து 1886இல் வெளிவந்த ஹாப்சன்–ஜாப்சன் அகராதி இந்தச் சொல்லுக்கென்றே ஒரு பதிவு வைத்திருக்கிறது: உள்நாட்டுக் கோட்டைகளைச் சூழ்ந்திருந்த மூங்கில் அல்லது சப்பாத்திக்கள்ளி அடர்வேலிக்குப் பழைய படைநூலார் வழங்கிய பெயர் என்பது அதன் விளக்கம்.

டைரம் சொல்வதன் சாரம் இது. காவிரித் தீவுக்கு எதிரே ஆற்றின் இரு கரைகளிலும் பெரிய நிலப்பரப்பு வேலியால் வளைக்கப்பட்டிருந்தது. அது தலைநகரின் எல்லை. குதிரைப்படை சூறையாட வரும்போது சுற்றுவட்டாரத்துக் குடிகள் ஆடுமாடுகளோடு வந்து ஒதுங்கும் இடமும் அதுவே. மூங்கிலும் வலுவான முட்செடிகளும் கொண்டு அமைத்த வேலி.

இந்தக் கடைசித் தொடரை எத்தனை முறை படித்தேன் என்று எண்ணவில்லை. ‘வலுவான முட்செடிகள்’. பன்மை. பெயர் இல்லை. பின்னாளில் மைசூரில் ரெசிடெண்டாக, அதாவது கும்பினியின் (கிழக்கிந்தியக் கம்பெனியின்) பிரதிநிதியாக இருந்து, தென்னிந்திய வரலாற்றை மூன்று தொகுதிகளாக எழுதிய மார்க் வில்க்ஸும் இதே இடத்தில் முட்செடிகளின் அகன்ற பட்டை என்ற அளவில் நின்றுவிடுகிறார். பிப்ரவரி 6 இரவு நிலவொளியில் மூன்று அணிகளாகப் பிரிந்து இந்த வேலியை நோக்கி வந்தவர்களுக்கு அது என்ன இனம் என்று பார்க்க நேரமிருந்திருக்காது. வலப்புற அணி வழி மாறி ஈத்கா கொத்தளத்தின் மேல் போய் விழுந்தது. நடு அணி வேலியை உடைத்துக்கொண்டு போய் ஆற்றையே கடந்துவிட்டது. முள்ளின் பெயரை அவர்களிடம் எதிர்பார்ப்பது நியாயமில்லை.

இன்னொன்றையும் குறித்துக்கொண்டேன். ஹைதர் இறந்தது 1782 டிசம்பரில். கும்பினிப் படை இந்த வேலியின் முன்னால் வந்து நின்றது அதற்கு ஒன்பது, பத்து ஆண்டுகளுக்குப் பிறகு. ஆகவே இவர்கள் எவரும் ஹைதர் நட்டதைப் பார்த்த சாட்சிகள் அல்லர். அதே சமயம் காலப் பொருத்தம் ஹைதர் பக்கமே சாய்கிறது என்பதையும் மறைக்கக் கூடாது. 1771இல் மராட்டியக் குதிரைப்படை சின்னகுரளியில் ஹைதரைத் தோற்கடித்துவிட்டு ஸ்ரீரங்கப்பட்டணத்தை முற்றுகையிட்டது. குதிரைக்கு அஞ்சிய வேலி என்றால், அந்த அச்சம் ஹைதர் காலத்தில் மிகக் கூர்மையாக இருந்தது. செடிகொடிகளில் அவருக்கு நாட்டம் உண்டென்பதற்கு 1760இல் தொடங்கிய பெங்களூர் லால்பாக்கே போதும். கதை நம்பும்படி இருப்பதற்குக் காரணம் இவைதாம். நம்பும்படி இருப்பது வேறு, நடந்தது வேறு.

ஏடு போதவில்லை என்றால் நிலத்தைப் பார்க்க வேண்டும். முற்றுகை வரைபடத்தின் படி ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு கரிகட்டா குன்றிலிருந்து இறங்கி நடந்தேன். அந்தக் குன்றைத்தான் அன்றிரவு இடப்புற அணி பிடித்தது. இப்போது மேலே வேங்கடரமணர் கோயில், கீழே லோகபாவனி ஆறு, கண்ணுக்கு எட்டிய தூரம் கரும்பும் நெல்லும். வேலி ஓடியிருக்க வேண்டிய இடத்தில் வாய்க்கால் ஓடுகிறது. இருநூறு ஆண்டுகளுக்கு மேல் உழுத மண்ணில் வேலியின் வேரைத் தேடுவது அறிவீனம் என்று தெரிந்தும் தேடினேன்.

மூன்றாம் நாள் பிற்பகலில் ஒரு தோப்பின் ஓரத்தில் நெஞ்சு படபடத்தது. புதர் முழுக்க முள், இரண்டு முறை பிரிந்த இலை, மஞ்சள் பூவின் மிச்சம். காய்களைப் பறித்துக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு அறைக்கு வந்தேன். அஞ்சலட்டைக்காரருக்கு மனத்துக்குள் கடிதம்கூட எழுதத் தொடங்கிவிட்டேன். விளக்கடியில் காயைப் பிளந்ததும் கடிதம் நின்றது. உள்ளே இருந்தவை சாம்பல் நிறத்தில் கோலிக்குண்டுபோல் இரண்டு விதைகள். கழற்சிக்காய்! சித்த மருந்துக்கடையில் எடை போட்டுக் கொடுப்பார்களே, அதே. மறுநாள் தோப்புக்காரரிடம் கேட்டேன். ‘கஜ்ஜுக’ என்று கன்னடப் பெயரைச் சொல்லி, இது தெரியாமலா இவ்வளவு தூரம் வந்தீர்கள் என்பதுபோல் பார்த்தார்.

கழற்சி மைசூர் முள்ளுக்கு நெருங்கிய உறவு. குழப்பம் எனக்கு மட்டும் நேர்வதல்ல என்பதால் வேறுபாட்டைச் சொல்லிவிடலாம். கழற்சிக் காயின் தோலெல்லாம் முள். மைசூர் முள்ளின் காய் வழுவழுப்பாகத் தட்டையாக இருக்கும், நுனியில் மட்டும் அலகுபோல் ஒரு கூர். கழற்சி விதை சாம்பல் நிறம். மற்றதன் விதை கரும்பழுப்பில் புள்ளியிட்டது, ஒரு காய்க்கு ஆறேழு. தமிழ்ப் பெயர்கள் இந்த இடத்தில் கைகொடுக்கவில்லை. இண்டு, புலிதொடக்கி என்று ஊருக்கு ஊர் சொல்வார்கள். முள்ளால் பற்றி இழுக்கும் கொடிகள் பலவற்றுக்கும் அவை பொதுப்பெயர்போல் வழங்குகின்றன. புலியையே மாட்டிவைக்கும் கொடி என்பது செடி செய்யும் வேலையைச் சொல்கிற பெயர். இனத்தைப் பிரித்துக் காட்டும் அக்கறை அதற்கு இல்லை.

தோல்வி என்று நினைத்த கழற்சிதான் அடுத்த தடத்தைத் திறந்தது. கழற்சிக்குத் தாவரவியலார் முன்பு வைத்திருந்த பெயரை எங்கோ வேலித் தொடர்பில் படித்த ஞாபகம். தேடினால், வட இந்தியச் சுங்க வேலி. உப்பு வரியைக் காப்பதற்காகக் கும்பினியாரும் அவர்களுக்குப் பின் வந்த அரசும் நாட்டின் குறுக்கே வளர்த்த மாபெரும் முள்வேலி அது. 1879இல் கைவிடப்பட்டு, பிறகு எல்லாரும் மறந்துபோய், ராய் மாக்ஸம் 2001இல் தம் நூலால் நினைவுபடுத்தியது. காங்கிரசின் தொடக்க காலத்தில் பேர்பெற்ற ஆலன் ஆக்டேவியன் ஹியூம் 1867 முதல் 1870 வரை அந்தச் சுங்கத்துறையின் தலைவர். தம் அறிக்கையில் நல்ல வேலிக்கு இலக்கணம் எழுதியிருக்கிறார். உயரம் 10 முதல் 14 அடி, கனம் 6 முதல் 12 அடி. மண்ணுக்கு ஏற்றபடி கருவேலம், இலந்தை, களா, சப்பாத்தி, கள்ளி. இவற்றுக்கிடையே ஓயாமல் ஊடுபாவாக ஓடும் ஒரு முட்கொடி: கழற்சி.

நான் அதுவரை ‘வேலி எந்தச் செடியால் ஆனது?’ என்று ஒருமையில் கேட்டுக்கொண்டிருந்தேன். கேள்வியே பிழை. பெருவேலி எதுவும் ஒரு செடியால் ஆனதில்லை. நிமிர்ந்து நிற்க ஒன்று, அடி இடைவெளியை அடைக்க ஒன்று, எல்லாவற்றையும் சேர்த்துத் தைக்க ஒன்று. டைரம் சொன்ன மூங்கில் நிற்பது. மூங்கிலை மட்டும் வைத்தால் வெட்டி இழுத்துவிடலாம். வெட்டிய பிறகும் கழி கீழே விழாமல் பிடித்துக்கொள்ள முட்கொடி வேண்டும். அப்படியானால் ஸ்ரீரங்கப்பட்டணத்து ‘முட்செடிகள்’ என்ற பன்மைக்குள் மைசூர் முள்ளுக்கு இடம் இருக்கிறது. இடம் இருக்கிறது என்பதற்கு மேல் ஒரு சொல்கூட அந்தச் சான்று தாங்காது. கழற்சிக்கும் அதே இடம் இருக்கிறதே.

அடுத்து, தாவரவியலாரின் பதிவேடுகள். இந்தச் செடிக்கு நெடுங்காலம் வழங்கிய அறிவியல் பெயர் சீசல்பினியா செப்பியாரியா. ‘செப்பியாரியா’ என்றால் இலத்தீனில் வேலிக்குரியது. வைத்தவர் வில்லியம் ராக்ஸ்பர்க். கோதாவரிப் பக்கம் சாமல்கோட்டையில் பயிர் வளர்த்து, பிறகு கல்கத்தாத் தோட்டத்துக்குப் போனவர். அந்தத் தோட்டத்துச் செடிகளின் பட்டியலை வில்லியம் கேரி 1814இல் செராம்பூரில் அச்சிட்டபோது அதில் இந்தப் பெயர் இருக்கிறது. பெயர் மட்டுமே, விளக்கம் இல்லை. தாவரவியல் சட்டத்தில் விளக்கமில்லாப் பெயருக்கு மதிப்பில்லை. பதிவு செய்யாத பத்திரம்போல. ராக்ஸ்பர்க்கின் முழு விளக்கம் அச்சேறியது 1832இல், அவர் இறந்து பதினேழு ஆண்டுகள் கழித்து.

இந்த இடைவெளியில் வேறொருவர் முந்திக்கொண்டார். ஜெர்மனியில் பிரேமன் நகரை அடுத்த ஃபெகெசாக்கில் மருத்துவராக இருந்த ஆல்பிரெக்ட் வில்ஹெல்ம் ரோத், 1821இல் புதிய இந்தியச் செடிகளை வெளியிட்டார். அவற்றில் இதுவும் ஒன்று. அவர் வைத்த அடைமொழி ‘டெகாபெட்டலா’, பத்து இதழுடையது. பூவுக்கு இருப்பது ஐந்து இதழ்தான். ஐந்து புல்லிகளையும் சேர்த்து எண்ணியிருப்பார் என்பது என் ஊகம். முந்திய பெயர் செல்லும் என்ற விதிப்படி, இலங்கைத் தாவர நூலுக்கு இணைப்பு எழுதிய ஆல்ஸ்டன் 1931இல் ரோத்தின் அடைமொழியை மீட்டார். வேலிக்குரியது என்ற அழகான பெயர் வழக்கொழிந்தது. 2016இல் இந்தக் கூட்டத்தையே மரபணு வழியில் பிரித்தடுக்கியவர்கள் பேரினத்தையும் மாற்றினார்கள். இப்போது அது பியான்கேயா டெகாபெட்டலா.

பெயர் மாற்றக் கதையில் எனக்கு என்ன அக்கறை என்று கேட்கலாம். ரோத் இந்தியாவுக்கு வந்தவரல்லர். செடிகள் அவருக்கு எப்படிக் கிடைத்தன என்பது நூலின் தலைப்பிலேயே இருக்கிறது: டாக்டர் பெஞ்சமின் ஹெய்ன் திரட்டியவை. இந்தப் பெயரைப் பார்த்ததும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். ஹெய்ன் தரங்கம்பாடியில் மொராவியச் சபை ஊழியராக வந்து இறங்கியவர். கும்பினியின் தாவரவியலாளராகச் சாமல்கோட்டைக்குப் போனவர். திப்பு வீழ்ந்த பின் காலின் மெக்கன்சி நடத்திய மைசூர் அளவைக்குழுவில் சேர்ந்தார். ஹைதர் தொடங்கிய லால்பாக்கின் பொறுப்பே அவர் கைக்கு வந்தது. மைசூர் நிலத்தைக் காலால் அளந்த தாவரவியலாளர் ஒருவர், வேலிகள் இன்னும் முழுதாக அழியாத காலத்தில், இந்தச் செடியைப் பறித்துத் தாளில் ஒட்டி ஐரோப்பாவுக்கு அனுப்பியிருக்கிறார்.

மகிழ்ச்சி ஒரு வாரம் நீடித்தது. பிறகு நானே எனக்கு எதிர்க்கட்சி வக்கீலானேன். ஹெய்ன் மைசூரில் மட்டுமா சுற்றினார்? தரங்கம்பாடி, சாமல்கோட்டை, கடப்பைப் பக்கம் என்று தென்னிந்தியாவில் பாதியை நடந்தவர். ரோத்தின் தலைப்பில் உள்ள முகவரி ‘கிழக்கிந்தியா’. அந்த முகவரிக்குக் கடிதம் போட்டால் எந்தத் தபால்காரர் கொண்டுபோய்ச் சேர்ப்பார்? அவர் பறித்தது வேலியிலா காட்டிலா என்பதற்கும் தடம் இல்லை. ஹெய்ன் நல்ல சாட்சி. ஆனால் நம் வழக்குக்கு வேண்டிய கேள்வியை அவரிடம் யாரும் கேட்கவில்லை.

கும்பினி ஆணைப்படி 1800இல் மைசூர் நாட்டைச் சுற்றிப் பயிர்த்தொழிலைக் குறித்த பிரான்சிஸ் புக்கானனையும் விடவில்லை. அவர் தாவரவியல் படித்த மருத்துவர். வேலியைப் பார்த்தால் செடியின் பெயரை எழுதுகிற ஆள். அவர் பயண நூலில் வேலிச் செடியாக என் கண்ணில் அதிகம் பட்டது திருகுகள்ளி. (லின்னேயஸ் அதன் அறிவியல் பெயரிலேயே நம் ‘திருக்கள்ளி’யை வைத்துவிட்டார் என்பது இந்தத் தேடலில் கிடைத்த சிறு இன்பம்.) ஆனால் அவர் பெரும்பாலும் பார்த்தவை வயல்வேலியும் ஊர்வேலியும். ஆட்டை நிறுத்தக் கள்ளிப்பால் போதும், குதிரைப்படைக்குப் போதாது.

பெயரின் இன்னொரு பாதியைத் திறந்தது தென்னாப்பிரிக்கா. அங்கே இது பயிரிடத் தடைசெய்யப்பட்ட களை. ஆற்றோரக் காடுகளை மூடி மரத்தின் தலையில் ஏறி அமுக்கிவிடுகிறது. விதையைத் தின்னும் இந்திய வண்டு ஒன்றைக் கொண்டுபோய் விட்டுப் பார்த்தார்கள். வண்டால் அதை அடக்க முடியவில்லை. ஹவாய்த் தீவில் இதன் பெயர் ‘போப்போகி’, அதாவது பூனை, பிறாண்டுகிறதே. தென்னாப்பிரிக்காவின் ஆப்பிரிக்கான்ஸ் மொழியில் ‘கிரால்டோரிங்’, பட்டிமுள். ஆங்கிலத்தில் மட்டும் அங்கே இது மைசூர் முள் அல்ல. மொரீஷியஸ் முள்!

மொரீஷியஸ் என்ற சொல்லைக் கண்டதும் மைசூர் வரலாறு படித்தவர் யாருக்கும் கை துறுதுறுக்கும். திப்புவின் தூதர்கள் 1798 ஜனவரியில் அந்தத் தீவில் இறங்கினார்கள். கவர்னர் மலார்ட்டிக் ஜனவரி 30 அன்று பகிரங்க அறிக்கை விட்டு அவர்கள் இரகசியத்தை உலகறியச் செய்தார். அதற்குப் பத்தாண்டுகள் முன் பதினாறாம் லூயியிடம் போன தூதுக்குழுவிடம் திப்பு விதைகளும் தோட்டக்காரர்களும் கேட்டனுப்பியிருந்தார். ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து மொரீஷியசுக்கு, அங்கிருந்து ஆப்பிரிக்காவுக்கு என்று இரண்டு பக்கம் மளமளவென்று எழுதினேன். எழுதி முடித்துப் படித்தபோது தெரிந்தது, அஞ்சலட்டை வரக் காரணமான குற்றத்தையே மறுபடி செய்திருக்கிறேன் என்று. இந்தச் செடி இமயமலை அடிவாரத்திலும் உண்டு, சீனத்திலும் ஜப்பானிலும் உண்டு. மொரீஷியசுக்குக் கப்பலேற அதற்குத் திப்புவின் தூதர் தயவு தேவையில்லை. இரண்டு பக்கத்தையும் கிழித்தேன்.

கிழித்த பிறகு மிஞ்சியது கதையைவிடப் பயனுள்ளது. ஆப்பிரிக்காவில் குடியேறியவர்கள் மொரீஷியஸிலிருந்து விதை பெற்றிருக்கலாம். மொரீஷியஸ் முள் என்றார்கள். அதை அந்தத் தீவின் கவர்னர் நட்டார் என்று யாரும் கதை கட்டவில்லை. கும்பினித் தோட்டக்காரர்கள் மைசூர்ப் பக்கத்தில் இதை வேலியாகக் கண்டோ, அங்கிருந்து விதை பெற்றோ மைசூர் முள் என்றிருந்தால், அது அவர்களுக்குச் செடி வந்த வழியைச் சொல்லும் பெயர், அவ்வளவே. ஆனால் மைசூர் என்றதும் அந்தத் தலைமுறை ஆங்கிலேயருக்கு நினைவுக்கு வந்தது ஹைதரும் திப்புவும். முள்ளைப் பார்த்தார்கள், பெயரைப் பார்த்தார்கள், நடுவே ஒரு நவாபை நட்டார்கள் என்பது என் கணிப்பு.

கோட்டையைச் சுற்றி முள் வளர்க்கும் வேலைக்கு ஹைதரைத் தேடிப்போகவே வேண்டியதில்லை என்பதற்கான ஏடு மைசூரிலேயே இருந்தது. நான் மைப்படி பார்த்த ஊரின் கீழைநூலகத்தில்தான் சாமா சாஸ்திரி அர்த்தசாஸ்திரத்தின் சுவடியைக் கண்டு 1909இல் அச்சிட்டார். அந்தச் சுவடி கிரந்த எழுத்தில் எழுதியது. தஞ்சை மாவட்டத்துப் பண்டிதர் ஒருவர் கொண்டுவந்து கொடுத்தது. இரண்டாம் அதிகரணத்தில் கோட்டை அமைக்கும் பகுதியைப் புரட்டினால், அகழி வெட்டிய மண்ணைக் கொட்டி எழுப்பும் மேட்டின் மேல் முட்புதரும் நச்சுக்கொடியும் வளர்க்கச் சொல்கிறது. நம் பக்கமும் குறைவில்லை. கோட்டையைச் சூழ்ந்த காவற்காட்டுக்குச் சங்கப் பாடல்களில் ‘மிளை’ என்றே தனிச்சொல் உண்டு. வள்ளுவர் அரணுக்கு வேண்டிய நான்கில் காட்டையும் ஒன்றாக வைத்தார். 1760–61 முற்றுகையின்போது புதுச்சேரியைச் சுற்றிக் கற்றாழையும் பிற முட்செடிகளும் தென்னையும் பனையும் கலந்த எல்லைவேலி நின்றதை ராபர்ட் ஓர்ம் விவரிக்கிறார். பிரெஞ்சுக்காரருக்கு உதவ ஹைதர் அனுப்பிய மைசூர்ப் படை தமிழ்நாட்டுக்குள் வந்ததும் அதே 1760இல். பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைச் சுற்றி முள்வேலி இருந்ததை 1801இல் அங்கே சண்டையிட்ட ஜேம்ஸ் வெல்ஷ் எழுதிவைத்தார். மைசூர் ஆண்டவர் முள்வேலி போட்டார் என்றால் அதில் புதுமை ஏதுமில்லை. போடாமல் இருந்திருந்தால்தான் வியப்பு.

இதற்கிடையில் நீலகிரியிலிருந்து கொண்டுவந்த விதைகளில் இருபதை வீட்டுத் தொட்டியில் ஊன்றினேன். பத்தை அப்படியே. பத்தை அம்மிக்கல்லில் ஓரம் தேய்த்து, வெந்நீரில் ஓர் இரவு ஊறவைத்து. தேய்த்ததில் ஏழு, மூன்று வாரத்துக்குள் முளைத்துவிட்டன. தேய்க்காததில் ஒன்றுகூட அசையவில்லை. அடுத்த மழைக்காலத்தில் இரண்டு மட்டும் எட்டிப் பார்த்தன. கைநீளம் வளர்ந்ததும் ஒவ்வொன்றும் பற்றிக்கொள்ள எதையாவது தேடிச் சாய்ந்தது. வெட்ட வெட்ட அடியிலிருந்து கிளைத்தது. தலைநகரைச் சுற்றும் வேலியை இதைக்கொண்டு தைப்பதென்றால் மழைக்கு முன் வரிசை கிழித்து விதைக்கவும், ஆண்டுதோறும் கழித்துவிட்டு இடைவெளியில் வளைத்து மாட்டவும் ஆட்கள் வேண்டும். ஆட்கள் என்றால் கூலி. கூலி என்றால் கணக்கு. இந்த எண்ணம் தொட்டிக்கு நீர் ஊற்றும்போது வந்தது, நூலகத்தில் வரவில்லை.

மைசூர் நாட்டில் பழைய கணக்கைக் ‘கடத’ என்ற ஏட்டில் எழுதுவார்கள். துணியில் பசையும் கரியும் பூசிக் கறுப்பாக்கி, விசிறிபோல் மடித்து, மாக்கல் குச்சியால் வெள்ளை எழுத்தில் எழுதுவது. அழித்து மறுபடி எழுதலாம். வில்க்ஸே இதை வியந்து விவரித்திருக்கிறார். சிருங்கேரி மடத்தில் இத்தகைய கடதங்கள் இருப்பது ஆய்வாளர்களுக்குத் தெரியும். வீடுகளின் பரணில் எத்தனை இருக்கின்றனவோ.

அஞ்சலட்டைக்காரருக்கு இப்படிப் பதில் எழுதினேன்: ‘என் வரியைத் திருத்திக்கொள்கிறேன். ஸ்ரீரங்கப்பட்டணத்தைச் சுற்றி மூங்கிலும் முட்செடிகளும் கொண்ட எல்லைவேலி இருந்தது. 1792இல் கண்டவர் எழுதியிருக்கிறார். மைசூர் முள் வேலிக்கு ஏற்ற செடி. அந்த வேலியில் அது இருந்திருக்கலாம். ஹைதர் அதை நட்டார் என்பதற்கு ஆதாரம் இல்லை.’

மைசூர், மண்டியா, சாமராஜநகர், கிருஷ்ணகிரிப் பக்கங்களில் உங்கள் வீட்டுப் பரணில் கறுப்புத் துணி மடிப்பேடு ஏதும் இருந்தால், தயவுசெய்து ஈரத்துணியால் துடைத்துவிடாதீர்கள். மாக்கல் எழுத்து போய்விடும். அதில் வேலி, முள், மூங்கில், கூலி என்ற சொற்களில் ஏதாவது ஒன்று இருந்தால் எனக்கு ஒரு வரி எழுதுங்கள், அஞ்சலட்டையே போதும்.